பாராளுமன்றத்தில் கிடந்த கக்கூஸ்

கீரி, மன்னார்
ஓகஸ்ட் 4

துசா,

கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசையில் போட்டுவிடாதே. ஃபோன் எடுத்திருக்கலாம். எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வரும். கடிதம் என்றால் நான் கத்துவது உனக்குக் கேட்காது, நீ பேசாமல் இருப்பது எனக்குக் கேட்காது.

முதலில் நன்றி. எதற்கு என்று யோசிப்பாய். போன கிழமை எங்கள் எம்.பி.யின் கந்தோரிலிருந்து ஒரு தாள் தந்தார்கள். பாராளுமன்ற ஒழுங்குப் புத்தகத்தின் பிரதி. அதில் ‘வாய்மூல விடைக்கான வினாக்கள்’ என்ற தலைப்பின் கீழ், கீரிக் கடற்கரையில் மீன் பதனிடும் பெண்களுக்கு மலசலகூடம் அமைக்க அனுமதி வழங்கப்படுமா என்று எங்கள் கேள்வி தமிழில் அச்சாகியிருந்தது. நான் எம்.பி.யிடம் வாயால் சொன்னபோது அது இவ்வளவு மரியாதையாக இருக்கவில்லை. தமிழ் மொழிபெயர்ப்புப் பகுதியில் இருப்பவள் நீதானே, உன் கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கன்னியர் மடத்து விடுதியில் என் கட்டுரைகளைத் திருத்தியவளும் நீதான்.

நான் இப்போது பிரதேச சபை உறுப்பினர். சிரிக்காதே. இரண்டு வருடம் தேர்தலை இழுத்தடித்து, சபையே இல்லாமல் கிடந்து, ஒருவழியாக நடந்தபோது கரையில் என்னோடு வேலை செய்யும் கருவாட்டுப் பெண்கள் நாற்பது பேரும் சேர்ந்து என்னை மறுபடியும் பிடித்து நிறுத்தினார்கள். அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. விடிய நாலு மணிக்குக் கரைக்குப் போனால் பன்னிரண்டு மணிவரை மீன் வெட்டி, கழுவி, உப்புப் போட்டுக் காயவைக்கிறோம். ஆண்கள் கடலுக்குள் போனால் அவர்கள் பாடு முடிந்தது. நாங்கள் பனை வடலிக்குள் போகவேண்டும். இப்போது பகலில் அங்கும் ஆள் நடமாட்டம். அதனால் ஒருத்தியும் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை.

என் மகள் பிறின்சியை உனக்குத் தெரியும், ஞானஸ்நானத்துக்கு வந்தாயே. இருபத்திரண்டு வயது. இந்த வருடம் மூன்றாவது தரம் சிறுநீரில் கிருமி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. டொக்டர் சொல்லிவிட்டார், தண்ணீர் குடி, இல்லாவிட்டால் கடற்கரை வேலையை விடு என்று. அவள் வீட்டுக்கு வந்து, “அம்மா, கட்டுநாயக்காவில காமென்ருக்கு உடுப்புத் தைக்க ஆள் எடுக்கினம். அங்க கதவு வச்ச கக்கூஸ் இருக்காம்” என்றாள். அவள் அப்பா றெனால்ட் இறந்து ஆறு வருடம். எனக்கு இருப்பது இவள் ஒருத்தி. ஒரு கதவுக்காக இந்த மன்னார்த் தீவை விட்டுப் போகிறேன் என்கிறாள்.

“பொறு பிள்ளை, பாராளுமன்றத்தில இருக்கு” என்று சொல்லி வைத்திருக்கிறேன். எப்போது பதில் வரும் என்று மட்டும் எழுது.

எடித்

*

வெள்ளவத்தை
ஓகஸ்ட் 13

அன்புள்ள எடித்,

கடிதத்தை உடனே பிரித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். எழுதியதற்கு நன்றி. இந்த நன்றியை வேறு எதற்கும் முன்னால் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதப்போவது உனக்குப் பிடிக்காமல் போகலாம்.

தமிழ்ப் பிரதியை ஒப்புநோக்கியவள் நான்தான். கீரி என்ற பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேட்டது நீ என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு சொல் கூட்டியிருக்க மாட்டேன்.

நீ சபை உறுப்பினரானதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். தேர்தல் தள்ளிப்போன நேரம் நீ ஃபோனில் கேட்டாய், எப்போது நடத்துவார்கள் என்று. எனக்குத் தெரியாது என்றேன். “நீ அவங்கட ஆளாகிட்டாய்” என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாய். அன்று எனக்கு உண்மையிலேயே தெரியாது எடித். அந்தக் கட்டிடத்துக்குள் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று வெளியில் நினைக்கிறார்கள். எங்களுக்குத் தெரிவது தாளில் வருவது மட்டும்.

இனி உன் கேள்வி. அமைச்சரிடமோ அவரது ஆட்களிடமோ நான் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகும், போகவும் வேண்டும். யாருக்கும் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்லலாம். ஓர் அமர்வு நாளில் சில கேள்விகள்தான் எடுபடும். உங்களுக்கு முன்னால் நிறையக் கேள்விகள் நிற்கின்றன. கூட்டத்தொடரை முடித்துவைக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சும் அடிபடுகிறது. அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை நடந்த பிறகு எழுதுகிறேன். பேச்சை நம்பி எழுத எனக்குப் பழக்கமில்லை.

பிறின்சியைத் தண்ணீர் குடிக்கச் சொல்.

துசாந்தினி

*

கீரி
செப்ரெம்பர் 2

துசா,

“பிறின்சியைத் தண்ணீர் குடிக்கச் சொல்.” வாசித்துவிட்டுச் சிரிப்பதா உன்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை. குடித்தால் எங்கே போவாள்? அதைத்தானே நான்கு பக்கம் எழுதினேன்.

ஃபோனில் சொன்னது பிழை. அன்று நியமனப் பத்திரம் கொடுத்துவிட்டு, கட்சிக்காரர், கரையில் பெண்கள், பிறின்சி என்று எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, பதில் சொல்ல எனக்கு ஆள் இருக்கவில்லை. உன் தலையில் போட்டேன். மன்னித்துக்கொள். இதை ஃபோனில் சொல்ல என் வாய் வராது.

கூட்டத்தொடரை முடித்து அரச வர்த்தமானி அறிவித்தல் வந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மறுநாள் எங்கள் சபைக் கூட்டம். அடுத்த வருட பட்ஜெட்டுக்கு வேலைகளைத் தெரிவு செய்யும் கூட்டம். நான் எழும்பி, கீரி மலசலகூடத்தைச் சேர்க்கவேண்டும் என்றேன். சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயம். “தங்கச்சி, அது பாராளுமன்றத்தில இருக்கிற விசயம். அங்க இருக்கேக்க நாங்கள் தொடக்கூடாது” என்றார். சபை பூராவும் தலையாட்டியது. அறிக்கையில் எழுதிவிட்டார்கள்: பாராளுமன்றப் பதில் கிடைக்கும்வரை ஒத்திவைக்கப்படுகிறது. இதே வரியை ஏப்ரலிலும் எழுதினார்கள், யூனிலும் எழுதினார்கள். நானும் ஒவ்வொரு முறையும் அதுதான் முறை என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவள்தான். பெரிய வழக்கு நடக்கிற மாதிரி எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது என்று வைத்துக்கொள்.

இப்போது கேட்கிறேன். உங்கள் ஆட்கள் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் கேள்வி உள்ளே இருக்கிறதா, இல்லையா? எம்.பி. கந்தோரில் “வரிசையில கிடக்கும் அக்கா” என்கிறார்கள். பிறின்சி காமென்ருக்குப் படிவம் நிரப்பிவிட்டாள்.

நவம்பர் முடிய முன்னர் பட்ஜெட் பட்டியல் மூடிவிடும். அதற்குள் சேராவிட்டால் இன்னொரு வருடம்.

எடித்

*

வெள்ளவத்தை
செப்ரெம்பர் 9

அன்புள்ள எடித்,

நேராகச் சொல்கிறேன். உங்கள் கேள்வி உள்ளே இல்லை. கூட்டத்தொடர் முடிந்தால் பதில் சொல்லப்படாத கேள்விகள் எல்லாம் விழுந்துவிடும். புதிய தொடர் தொடங்கினாலும் தானாக எழும்பி வராது. எம்.பி. மறுபடி எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. அப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்று பிறகு ஒருநாள் சொல்கிறேன்.

உன் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. “அங்க இருக்கேக்க தொடக்கூடாது.” எடித், அது நீதிமன்றம் இல்லை. தடையுத்தரவு எதுவும் இல்லை. ஓர் உறுப்பினர் ஓர் அமைச்சரிடம் ஒரு விஷயத்தைக் கேட்கிறார், அவ்வளவுதான். கேள்வி இருக்கும்வரை ஒரு பிரதேச சபை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று யாரும் எங்கும் எழுதவில்லை. இரண்டு வருடம் சபை இல்லாமல் எல்லாவற்றுக்கும் மேலே பார்த்துப் பழகிவிட்டீர்கள். நீங்கள் அங்கே பதிலுக்குக் காத்திருந்தீர்கள். இங்கே அது அச்சடித்த ஒரு வரி.

உத்தியோகக் கடிதம் தர எனக்கு அதிகாரமில்லை. ஆனால் நிலையியற் கட்டளைகள் என்று பாராளுமன்றத்தின் நடைமுறைப் புத்தகம் ஒன்று இருக்கிறது. யாரும் வாங்கலாம். தமிழ்ப் பதிப்பை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கேள்விகள் பற்றிய பகுதியில் அடையாளத்துக்கு ஒரு நூல் துண்டு வைத்திருக்கிறேன். உங்கள் தவிசாளரிடம் கொடு. சபை தொடக்கூடாது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவரையே காட்டச் சொல்.

இன்னொன்று. கரையோரத்தில் கட்டுவதற்கு அனுமதி தருவது மாவட்டத்திலுள்ள கரையோரக் கந்தோர். அவர்களிடம் சபை விண்ணப்பித்ததா? என்ன பதில் வந்தது? நீ ஓரிடத்திலும் எழுதவில்லை.

வெள்ளாங்குளத்தில் வயல் வாய்க்கால் உடைந்தால் என் அப்பா முதலில் மண்வெட்டியைத்தான் எடுப்பார். பிறகுதான் கமக்காரர் அமைப்புக்குக் கடிதம் எழுதுவார். நான் அவருடைய மகளாக இருந்தும் கடிதம் எழுதும் வேலைக்கு வந்துவிட்டேன்.

துசா

*

கீரி
ஒக்ரோபர் 27

துசா,

புத்தகம் வந்தது. உன்னை என்னவென்று சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதற்கு முதல் என் வெட்கத்தைச் சொல்லவேண்டும்.

நீ கேட்டதை வாசித்துவிட்டு அன்றே கரையோரக் கந்தோருக்குப் போனேன். ஓர் இளம் உத்தியோகத்தர், கதிரை போட்டு இருக்கச் சொன்னார். கீரி மலசலகூட விண்ணப்பம் என்ன நிலையில் என்று அதிகாரமாகக் கேட்டேன். அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்து, கணினியிலும் பார்த்துவிட்டு, “அக்கா, எங்களுக்கு ஒருத்தரும் விண்ணப்பம் தரேல்லையே” என்றார்.

“பாராளுமன்றத்தில கேட்டிருக்கிறமே” என்றேன்.

“கேட்டது சரி. விண்ணப்பம் எங்க?”

துசா, விண்ணப்பமே இல்லை. சபையில் பதினைந்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறோம், செயலாளர் இருக்கிறார், கந்தோர் நிறைய ஆட்கள். எம்.பி. கேள்வி கொடுத்ததும் அதுதான் விண்ணப்பம் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டோம். ஏழு மாதம். என் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம் அந்தக் கந்தோர்.

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்துத் தந்தார். எப்படி நிரப்புவது என்றும் சொல்லித் தந்தார். மீன் ஏல மண்டபத்துக்குப் பின்னால் கட்டினால் சிக்கலில்லை என்று தானே வந்து இடத்தையும் பார்த்தார். மாதக் கடைசியில் செயலாளரின் கையெழுத்தோடு கொடுத்தேன், அனுமதி பதினெட்டு நாளில் கையில் கிடைத்தது.

போன வியாழன் சபைக் கூட்டம். தவிசாளர் வழமைபோலத் தொடங்கினார். நான் புத்தகத்தை அவர் முன்னால் வைத்து, “ஐயா, நாங்கள் தொடக்கூடாதெண்டு இதில எங்க கிடக்கு, ஒருக்காக் காட்டுங்கோ” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு, நூல் வைத்த பக்கத்தையும் அதற்கு முன்னால் பின்னால் உள்ள பக்கங்களையும் வாசித்தார். எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் அவர், “கேள்வி செத்துப்போச்செண்டெல்லே இதில கிடக்கு” என்றார். அப்துல் ஹமீட் நானா, எனக்கு எதிர்க்கட்சி, எழும்பி, “அப்ப மய்யத்தை வீட்டில வச்சுக்கொண்டு ஏன் இருக்கிறம், அடக்கிப்போட்டு வேலையைப் பாப்பம்” என்று வழிமொழிந்தார். எல்லாக் கையும் உயர்ந்தது. அடுத்த வருட வேலைப் பட்டியலில் இரண்டாவது வேலையாக ஏறியிருக்கிறது.

இவ்வளவும் நல்ல செய்தி. இனி மற்றது.

பிறின்சி பத்தாம் திகதியே போய்விட்டாள். அனுமதி வர ஐந்து நாள் இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறு என்று பஸ்ஸடியில் வைத்துச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “ஓம் அம்மா, பாராளுமன்றத்தில இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். அந்தச் சொல்லை அவளுக்குப் பழக்கியவள் நான். காய்ச்சலோடு படுத்துக் கிடந்தவளுக்கும் அதையேதான் சொன்னேன். வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உனக்கு நான் கடன்பட்டவள். இதைச் சிரித்துக்கொண்டு எழுதமுடியவில்லை, அவ்வளவுதான்.

எடித்

*

வெள்ளவத்தை
நவம்பர் 16

அன்புள்ள எடித்,

இன்று ஞாயிறு. பிறின்சியைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன்.

உன்னிடம் கேட்காமல் போனதற்கு மன்னி. உங்கள் சபைக் கந்தோருக்கு ஃபோன் எடுத்து, கருவாட்டுப் பெண்களில் ஒருத்தியைப் பிடித்து முகவரியை வாங்கினேன். உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய்.

ஒரு வீட்டில் இருபத்தெட்டுப் பெண்கள். பிறின்சி வாசலுக்கு வந்து யாரென்று தெரியாமல் விழித்தாள். உன் பெயரைச் சொன்னதும், “நீங்கள் பாராளுமன்ற அன்ரியோ” என்றாள். முகம் தெளிவாக இருக்கிறது. காய்ச்சல் இல்லையாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பிட்டோம். கக்கூஸைப் பற்றிக் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. “கதவிருக்கு அன்ரி. வரிசையும் இருக்கு. மூண்டுதான், இருவத்தெட்டுப் பேர்” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அச்சொட்டாக உன்னுடையது.

உன்மேல் கோபமா என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்தாள். “அம்மாவில என்ன கோவம். அவ நம்பினவ. நம்பிறவையளோட கூட நிண்டு காய எனக்கு ஏலாமப் போச்சு” என்றாள். திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னது இது: “கட்டி முடிஞ்சாச் சொல்லச் சொல்லுங்கோ. பெருநாளுக்கு வந்து பாப்பன்.” உனக்கு நம்பிக்கை கொடுக்கவென்று இதை எழுதவில்லை. அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் என் வேலை.

என் வெட்கத்தைப் பற்றிச் சொல்வதாக எழுதினேன். சொல்கிறேன். கூட்டத்தொடர் முடிகிறது என்றால் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் சந்தோஷம். விழும் கேள்விகளை இனி ஒப்புநோக்கத் தேவையில்லை. மேசை வெளிக்கும், சில நாள் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம். பன்னிரண்டு வருடம் நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இந்த முறை வர்த்தமானி வந்த அன்று பின்னேரம் தேநீருக்குக் கேக் வாங்கியவள் நான். உன் கேள்வியும் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே ஒரு துண்டு சாப்பிட்டேன். உன் இரண்டாவது கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பள்ளிக்கூடக் கூரை, பாலம், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எத்தனையோ ஊரின் கேள்விகள் என் கையால் போயிருக்கின்றன. ஒன்றின் பின்னாலும் யார் இருந்தார், பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீதான் முதல் ஆளாகத் திருப்பி எழுதினாய். என்னைத் திட்டி எழுதினாய், இருந்தாலும் எழுதினாய். அதற்கு நான் உனக்கு எவ்வளவு நன்றி உடையவள் என்று மூன்று மொழியிலும் எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

துசா

*

கீரி
ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாய்

என் துசா,

கேக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உன் இடத்தில் இருந்தால் இரண்டு துண்டு சாப்பிட்டிருப்பேன். பிறின்சிக்குச் சோறு வாங்கிக் கொடுத்தாயே, அதோடு உன் கணக்கு எல்லாம் சரி. அந்தக் கடிதத்தை நான் வைத்திருக்கும் இடம் என் செபப்புத்தகம்.

கக்கூஸ் கட்டி முடிந்தது. இரண்டு அறை, ஒரு தண்ணீர்த் தாங்கி, கை கழுவ ஒரு குழாய். தவக்காலத்தின் கடைசிக் கிழமை திறந்தோம். தவிசாளர் நாடா வெட்ட ஆசைப்பட்டார். கக்கூஸ் வாசலில் மாலையோடு நின்று படம் எடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஹமீட் நானா கேட்க, கத்திரிக்கோலைப் பைக்குள் வைத்துவிட்டார். பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்தார். பெண்கள் சிலர் அழுதார்கள். யார் முதலில் போவது என்று ஒரு சண்டை. எல்லோரிலும் வயதுகூடிய மனோன்மணி அக்காவை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம்.

எம்.பி. கந்தோரிலிருந்து கேட்டார்கள், புதிய தொடருக்குக் கேள்வியை மறுபடி கொடுப்பதா என்று. கொடுங்கள் என்றேன். ஆனால் கீரியை எடுத்துவிட்டு, மாவட்டத்தில் மீன் இறக்கும் கரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். உன் மேசைக்கு வந்தால் நல்ல தமிழ் போடு. பதில் வரட்டும், வராமல் போகட்டும். பக்கத்துக் கரையான தோட்டவெளியின் பெண்களைக் கூட்டிக்கொண்டு போன கிழமையே கரையோரக் கந்தோரில் படிவம் வாங்கிவிட்டேன். அந்தப் பிள்ளை என்னைக் கண்டதும் எழும்பி அலுமாரியைத் திறக்கிறார்.

இனி நான் உனக்கு எழுதவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தது.

பிறின்சி பெருநாளுக்கு வந்தாள், பெரிய வியாழன் அன்று. நான்கு நாள் லீவு. பூசைக்குப் போனாள், தூங்கினாள், என் கையால் நண்டுக்கறி கேட்டுச் சாப்பிட்டாள். கடற்கரைப் பக்கம் போகவேயில்லை. பார்க்க வாறியா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது மாதிரி இருக்கும். திங்கள் விடிய ஐந்தரைக்கு பஸ். அவளுக்குக் கருவாடும் ஒடியல் மாவும் கட்டி வைத்தேன்.

நேற்று நாலரைக்கு எழுப்பப் போனால் பாயில் ஆளில்லை. பை கதவடியில் இருக்கிறது. சந்திவரை போனேன், இல்லை. பஸ் வந்து நின்று, நடத்துனர் என்னைப் பார்த்து, போய்விட்டது. பிறகு என் கால் தானாகக் கரைக்குப் போயிற்று.

ஏல மண்டபத்தின் வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாக இருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழமையாக இருக்கும் இடத்தில், என் பலகையில், என் கத்தியோடு பிறின்சி இருந்தாள். பாவாடையை முழங்காலுக்குச் சொருகி, முழங்கைவரை செதிள். எல்லோரும் குனிந்து வேலை செய்வதுபோல் பாசாங்கு.

“பஸ் போயிட்டுது பிள்ளை” என்றேன்.

“தெரியும்.” நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஏன் நிக்கிறீங்கள்? அந்தக் கூடையை இஞ்சால தள்ளிப்போட்டு இருங்கோ அம்மா.”

எடித்